ஓர் ஆள் உயரத் தண்ணீர்: டெர்பிஷயர் கப்பலும் 1.75 என்ற எண்ணும்

1980 செப்டம்பர் 9. ஜப்பானுக்குத் தெற்கே, ஒக்கினாவா பக்கத்துக் கடலில் ஆர்க்கிட் சூறாவளி சுழன்றுகொண்டிருந்தது. கனடாவின் செத்-ஈல் துறைமுகத்தில் 1,57,446 டன் இரும்புத்தாதுத் தூளை ஏற்றிக்கொண்டு ஜூலை 11 அன்று கிளம்பிய எம்.வி. டெர்பிஷயர், கவாசாகி போய்ச் சேரச் சில நாட்களே இருந்த நிலையில் அந்தப் புயலில் மாட்டிக்கொண்டது. அலைக்கு முகம் கொடுத்துக் கப்பலைப் பிடித்து நிறுத்தியிருப்பதாகக் கேப்டனிடமிருந்து செய்தி வந்தது. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. அபாய அழைப்பு ஒன்றுகூட இல்லை. மாலுமிகள் 42 பேர், உடன் பயணித்த மனைவிமார் இருவர், மொத்தம் 44 பேர் போனார்கள். பிரிட்டிஷ் கொடியுடன் கடலில் தொலைந்த கப்பல்களில் இதுதான் மிகப் பெரியது.

294 மீட்டர் நீளம், 44 மீட்டர் அகலம், வயது நான்கு. வடகிழக்கு இங்கிலாந்தில் டீஸ் ஆற்றங்கரையில் ஸ்வான் ஹன்டர் நிறுவனம் கட்டிய ஆறு உடன்பிறப்புக் கப்பல்களில் கடைசி. தாதுவும் ஏற்றலாம், கச்சா எண்ணெயும் ஏற்றலாம் என்ற இருபயன் வகை. கப்பல்களைச் சோதித்துத் தரம் வகுக்கும் லாயிட்ஸ் ரெஜிஸ்டரின் தரச் சான்று இருந்தது, கப்பல் எவ்வளவு ஆழம் அமிழலாம் என்று சொல்லும் சுமைக்கோட்டுச் சான்று இருந்தது, எல்லாம் நடப்பில் இருந்தன.

கப்பல் வடிவமைப்பில் இருக்கும் எங்களுக்கு ஒரு பழக்கம். விபத்து என்றதும் எந்த விதி மீறப்பட்டது என்றுதான் முதலில் தேடுவோம். டெர்பிஷயர் விஷயத்தில் அந்தத் தேடல் இருபது வருடம் இழுத்தது. கடைசியில் அகப்பட்டது, எல்லோரும் ஒழுங்காகக் கடைப்பிடித்த ஒரு விதி.

முதல் சந்தேகம்: ஃபிரேம் 65

கப்பல் போன புதிதில் பிரிட்டிஷ் அரசு முறையான விசாரணைக்கே முன்வரவில்லை. சாட்சி இல்லை, சிதிலம் இல்லை, எதை வைத்து விசாரிப்பது என்ற வாதம். இறந்தவர்களின் குடும்பங்கள் சங்கம் வைத்துப் போராடின. மகனைப் பறிகொடுத்த தந்தை ஒருவர் கப்பல் ஆய்வாளர் தொழிலில் இருந்தவர். அவர் உடன்பிறப்புக் கப்பல்களின் வரைபடங்களைத் தோண்டத் தொடங்கினார். மாலுமிகளின் குடியிருப்புக் கட்டடத்துக்குச் சற்று முன்னால், ஃபிரேம் 65 என்று எண்ணிடப்பட்ட இடத்தில், நீளவாக்கில் ஓடும் முக்கிய உத்திரங்கள் தொடர்ச்சியில்லாமல் குறுக்குச் சுவரில் முட்டி நிற்பது தெரிந்தது. பாரம் நேராகப் போக வழியில்லாத இடத்தில் விரிசல் பிறக்கும் என்பது எங்கள் தொழிலில் அரிச்சுவடி.

1982-இல் உடன்பிறப்புகளில் ஒன்றான டைன் பிரிட்ஜின் மேல்தளத்தில் விரிசல் விட்டது. 1986 நவம்பரில் கௌலூன் பிரிட்ஜ், தளத்தில் விரிசலோடு அயர்லாந்துக் கரையோரம் ஒதுங்கி, பிறகு பாறையில் ஏறி அழிந்தது. அதற்கு மேல் அரசால் தட்டிக்கழிக்க முடியவில்லை. 1987-இல் விசாரணை தொடங்கி 1989-இல் அறிக்கை வந்தது. புயலில் இயற்கையின் பலத்துக்கு முன் கப்பல் தாக்குப்பிடிக்காமல் போயிருக்கலாம், அதற்கு மேல் உறுதியாகச் சொல்லச் சான்று போதாது என்று முடித்துவிட்டார்கள். எனக்கு அந்த முடிவின் மேல் பெரிய கோபம் இல்லை. கையில் ஒரு ஆணிகூட இல்லாமல் அவர்களால் வேறென்ன எழுத முடியும்? ஆனால் இயற்கையின் பலம் என்பது காரணமாகாது. புயலைத் தாங்கத்தானே கப்பலைக் கட்டுகிறோம்.

1994-இல் சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பு தன் பணத்தைப் போட்டுத் தேடியது. 4,200 மீட்டர் ஆழத்தில் கப்பல் கிடந்தது. அடுத்த சில வருடங்களில் அரசு செலவில், அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் ஆய்வு நிலையத்தின் கருவிகளைக் கொண்டு, 1,35,000-க்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார்கள். அணியமும் (கப்பலின் முன்முனை) பின்பகுதியும் ஒன்றுக்கொன்று சுமார் 600 மீட்டர் தள்ளிக் கிடந்தன. கடல்மட்டத்திலேயே கப்பல் இரண்டாக முறிந்திருந்தால், நாலு கிலோமீட்டர் இறங்குவதற்குள் துண்டுகள் வெகுதூரம் விலகிப்போயிருக்கும். ஃபிரேம் 65 கப்பலைக் கொன்றது என்ற வாதம் அங்கே அடிபட்டது. ஆனால் அந்த வாதம் மட்டும் எழாமல் இருந்திருந்தால் கப்பலையே யாரும் தேடியிருக்க மாட்டார்கள்.

இரண்டாவது சந்தேகம்: மாலுமி

படங்களில் ஒன்று எல்லோர் கண்ணிலும் பட்டது. அணியத்தில், தளத்துக்குக் கீழே கயிறும் கப்பியும் வைக்கும் போசன் ஸ்டோர் அறைக்கு இறங்கும் சின்ன ஹேட்ச், அதாவது மூடி போட்ட திறப்பு. அதன் மூடியைக் காணோம். கப்பலைக் கட்டும் தடித்த கயிறு ஒன்று அந்த வாய் வழியாக வெளியே நீண்டு கிடந்தது. 1998-இல் அறிக்கை தந்த மதிப்பீட்டாளர்கள், மாலுமிகள் அந்த மூடியைச் சரியாக இறுக்கவில்லை, தண்ணீர் புகுந்தது அந்த வழியாகத்தான் என்று எழுதினார்கள்.

பதினெட்டு வருடம் காத்திருந்த குடும்பங்களுக்குக் கிடைத்த பதில், உங்கள் ஆட்கள் மூடியைத் திறந்துவிட்டார்கள் என்பதுதான். அவர்கள் விடவில்லை. விசாரணையை மறுபடி திறந்தார்கள். நீதிபதி கோல்மன் தலைமையில் 2000-ஆம் ஆண்டு 54 நாட்கள் விசாரணை நடந்தது. நெதர்லாந்தின் மரின் ஆய்வுக்கூடத்தில் மாதிரிக் கப்பலைத் தொட்டியில் விட்டு, சரக்கு அறைகளின் பெரிய ஹேட்ச் மூடிகள் மேல் விழும் அலையின் அழுத்தத்தை அளந்தார்கள். நவம்பரில் வந்த அறிக்கை மாலுமிகள் மேல் விழுந்த பழியைத் துடைத்தது.

தண்ணீர் வந்த வழி

கோல்மன் அறிக்கை சொல்லும் வரிசை இது. அணியத்தின் மேல்தளத்தில் இருந்த வென்டிலேட்டர்களையும் ஏர் பைப்புகளையும் அலை அடித்துப் பிய்த்தது. அந்த ஓட்டைகள் வழியாக போசன் ஸ்டோரிலும் பக்கத்து அறைகளிலும் மணிக்கணக்கில் தண்ணீர் இறங்கியது. அணியம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது. தாழத் தாழ, முன்பு அணியத்தில் உடைந்து சிதறிய அலைகள் இப்போது நேராக முதல் சரக்கு அறையின் ஹேட்ச் மூடியின் மேல் ஏறி விழுந்தன. மூடி உள்ளே மடிந்தது. முதல் ஹோல்டு, அதாவது அந்தச் சரக்கு அறை, நிரம்பியது. அடுத்து இரண்டாவது, மூன்றாவது. அதன் பிறகு நிமிடக் கணக்குதான்.

வென்டிலேட்டர் என்பது தளத்திலிருந்து இடுப்பு உயரத்துக்கு எழும்பி நிற்கும் இரும்புக் குழாய், தலையில் காளான் தொப்பி. அணியத்தில் நடந்தால் முழங்கையில் இடித்துக்கொள்ளும் சாமான். வரைபடத்தில் ஒரு வட்டமும் ஒரு எண்ணும். அதன் அடியில், தளத்தோடு சேரும் வெல்டிங்கில்தான் மொத்த உயிரும் இருக்கிறது. பக்கவாட்டில் அலை ஓங்கி அறைந்தால் குழாய் அந்த இடத்தில் மடங்கும், பிறகு அறும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரே ஓட்டை, அதன் மேல் இரண்டு மீட்டர் தண்ணீர் நிற்கிறது. துளையின் நெருக்கத்தைக் கழித்தால் நொடிக்கு சுமார் 0.27 கனமீட்டர் இறங்கும். இடைவிடாமல் மூழ்கியிருந்தால் மணிக்கு 950 டன்னுக்கு மேல். அலை வருவதும் போவதுமாக, பத்தில் ஒரு பங்கு நேரம்தான் மூழ்குகிறது என்று வைத்தாலும் மணிக்கு 95 டன். 30 மணி நேரத்தில் 2,800 டன் தாண்டிவிடும். அதுவும் ஒரு ஓட்டையில்.

கப்பலைச் செலுத்தும் மேல் அறையான பிரிட்ஜில் நிற்பவர்களுக்கு இது தெரிய வழியில்லை. அணியம் அங்கிருந்து கால் கிலோமீட்டருக்கு அப்பால். நுரையும் மழையும் இருட்டும். புயலில் முன்தளத்துக்கு ஆள் அனுப்புவது கொலைக்குச் சமம். தண்ணீர் ஏறுகிறது என்று சொல்ல அந்த அறைகளில் ஒரு மணிகூடக் கிடையாது, எந்த விதியும் அப்போது கேட்கவும் இல்லை.

1.75

இனி மூடிக்கு வருவோம். எனக்கு இந்த வழக்கில் மிகவும் பிடித்த பகுதியும், வயிற்றைக் கலக்கும் பகுதியும் இதுதான்.

ஹேட்ச் மூடி எவ்வளவு பாரம் தாங்க வேண்டும் என்பதை 1966-ஆம் ஆண்டின் சர்வதேசச் சுமைக்கோடு உடன்படிக்கை சொன்னது. கப்பலின் முன் கால்வாசி நீளத்தில் உள்ள மூடிகளுக்குச் சதுர மீட்டருக்கு 1.75 டன். கடல்நீராக நினைத்தால் மூடியின் மேல் அசையாமல் நிற்கும் 1.7 மீட்டர் தண்ணீர், ஓர் ஆள் உயரம். ஆர்க்கிட் மாதிரிப் புயலில் எழும் அலைகள் 10 மீட்டரைத் தாண்டும்.

இதற்குள் இன்னொரு நுணுக்கம் ஒளிந்திருக்கிறது. அந்த விதியில் 24 மீட்டர் படகுக்கு 1 டன்னில் தொடங்கி, நீளம் கூடக்கூடப் பாரமும் கூடி, 100 மீட்டரில் 1.75 டன்னைத் தொடும். அதோடு நின்றுவிடும். 100 மீட்டர் கப்பலுக்கும் 1.75, 300 மீட்டர் கப்பலுக்கும் 1.75. பெரிய கப்பல்களே அப்போது இல்லை என்று சமாதானம் சொல்லவும் முடியாது. அதே 1966-இல்தான் 2 லட்சம் டன்னைத் தாண்டிய இதெமிட்சு மாரு எண்ணெய்க் கப்பல் வெள்ளோட்டம் கண்டது, நீளம் 342 மீட்டர். ஆனால் எண்ணெய்க் கப்பலுக்கு ஹேட்ச் சின்னது. வீடு அகல வாயுள்ள தாதுக் கப்பல் அந்த நீளத்தை எட்டும்போது என்ன ஆகும் என்பதை விதி கேட்டுக்கொள்ளவில்லை.

இதைவிட விசித்திரம் ஒன்று உண்டு. அதே உடன்படிக்கை, இரும்பு ஹேட்ச் மூடி போட்ட கப்பல்கள் சில நிபந்தனைகளை நிறைவேற்றினால் ஃப்ரீபோர்டை (நீர்மட்டத்துக்கு மேல் தளம் நிற்கும் உயரத்தை) குறைத்துக்கொள்ளலாம் என்று சலுகை தந்தது. அதாவது கப்பலை இன்னும் ஆழமாக அமிழ்த்திச் சரக்கு ஏற்றலாம். மூடி உறுதியானது என்ற நம்பிக்கையில் தந்த சலுகை. தளம் கடலுக்கு நெருங்கினால் மூடியின் மேல் ஏறும் தண்ணீரும் கூடும். மூடியின் பாரமோ அதே 1.75.

சரி, 1.75 டன்னுக்கு வடிவமைத்தால் 1.75-இல் மூடி உடைந்துவிடுமா? உடையாது. மூடியில் எழும் தகைவை (பாரத்தால் இரும்புக்குள் எழும் அழுத்தத்தை) 4.25-ஆல் பெருக்கினால் அது இரும்பின் அறுபடும் வலிமையைத் தாண்டக்கூடாது என்று விதி. 4.25 மடங்கு பாதுகாப்பு என்று படித்தால் நிம்மதியாக இருக்கும். சாதாரண கப்பல் இரும்பு 400 மெகாபாஸ்கலில் அறுபடும், ஆனால் 235-இலேயே விளைந்து இளகத் தொடங்கும். 400-ஐ 4.25-ஆல் வகுத்தால் 94. 235-ஐ 94-ஆல் வகுத்தால் இரண்டரை. ஆக மூடி இளகத் தொடங்குவது சதுர மீட்டருக்கு 4.4 டன் அளவில். நாலரை மீட்டருக்கும் குறைவான தண்ணீர். அதில் துருவுக்கும் தேய்மானத்துக்கும் கழித்துக்கொள்ள வேண்டும். 4.25 என்ற எண் கொடுத்த நிம்மதியில் பாதி, எதோடு ஒப்பிட்டுப் பெருக்குகிறோம் என்பதில் கரைந்துவிடுகிறது.

டெர்பிஷயரில் முகப்புத் தளம் உயர்த்திக் கட்டப்படவும் இல்லை. மேல்தளம் அணியம் வரை ஒரே மட்டமாக ஓடியது. அலையை முதலில் வாங்கி உடைக்க முன்னால் ஒரு திண்ணை மாதிரி எதுவும் இல்லை. அதையும் அன்றைய விதி கட்டாயமாகக் கேட்கவில்லை.

பிறகு வந்த விதிகள்

ஹேட்ச் மூடிக்கான புதிய விதி கோல்மன் அறிக்கைக்கு முன்பே வந்துவிட்டது. லாயிட்ஸ் ரெஜிஸ்டர் போன்ற வகைப்பாட்டுச் சங்கங்களை நாங்கள் சுருக்கமாக கிளாஸ் என்போம். அவற்றின் கூட்டமைப்பான ஐயாக்ஸ், எஸ்-21 என்ற பொதுத் தேவையைக் கொண்டுவந்து, 1998 ஜூலை முதல் ஒப்பந்தமாகும் பல்க் கேரியர்களுக்கு (தாது, தானியம் போன்ற சரக்கை மூட்டை கட்டாமல் கொட்டி ஏற்றும் கப்பல்களுக்கு) பொருத்தியது. அதன் சாரம் பின்னால் சுமைக்கோடு உடன்படிக்கைக்குள்ளேயே ஏறி, 2005 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது.

புதிய கணக்கில் முன் கால்வாசியின் பின்விளிம்பில் பாரம் 3.5 டன். அங்கிருந்து அணியத்தை நோக்கிப் போகப்போக ஏறும். ஃப்ரீபோர்டு குறைத்த கப்பலானால் அணிய முனையில் நீளத்தை 0.0363-ஆல் பெருக்கி 1.37 கூட்ட வேண்டும். 280 மீட்டருக்கு 11.5 டன். நீளத்தில் பத்தில் ஒரு பங்கு தள்ளி ஒரு மூடி இருந்தால் அதற்கு 8.3 டன் வரும். பழைய 1.75 எங்கே, 8.3 எங்கே என்று வாயைப் பிளக்கலாம்.

பிளக்க வேண்டாம். மேடைகளிலும் பாடக் குறிப்புகளிலும் ஏறக்குறைய ஐந்து மடங்கு கூடிவிட்டது என்று சொல்வார்கள், நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். புதிய விதி தகைவை விளைவு வலிமையில், அதாவது இரும்பு இளகத் தொடங்கும் அளவில், 80 சதவீதம் வரை அனுமதிக்கிறது. பழையது 40 சதவீதத்தோடு நிறுத்தியது. ஆகவே புது மூடி இளகுவது 10.4 டன்னில், பழையது 4.4 டன்னில். உண்மையான வளர்ச்சி இரண்டரை மடங்குக்குச் சற்றுக் குறைவு. அதுவே பெரிய விஷயம்தான். ஐந்து என்று ஊதத் தேவையில்லை.

வென்டிலேட்டருக்கும் கதி மாறியது. பழைய உடன்படிக்கை அதன் உயரத்தைச் சொன்னது, தளத்திலிருந்து 900 மில்லிமீட்டர் என்று. எத்தனை அடி வாங்கித் தாங்க வேண்டும் என்று சொல்லவில்லை. புதிய எஸ்-27, முன்தளத்தில் நொடிக்கு 13.5 மீட்டர் வேகத்தில் தண்ணீர் பாய்வதாக வைத்துக்கொள்ளச் சொல்கிறது. மணிக்கு 48 கிலோமீட்டருக்கு மேல். நகர்ப் பேருந்து முழு வேகத்தில் வந்து மோதுவதைப்போல. எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் வரைந்து வரும் ஏர் பைப்புக்கு இந்தக் கணக்கைப் போட்டதும் குழாயின் கனம் கூடும், அடியில் முட்டுத் தகடு முளைக்கும். அப்போதுதான் அது வெறும் வட்டமில்லை என்று அவர்களுக்கு உறைக்கிறது.

சின்ன ஹேட்சுக்கு எஸ்-26. இதை எழுதியவர்கள் போசன் ஸ்டோரின் அந்தப் படத்தை மேஜையில் வைத்துக்கொண்டு எழுதியிருப்பார்களோ என்று எனக்குத் தோன்றும். கீலை மூடியின் முன் ஓரத்தில் வை, அலை வந்து அடித்தால் மூடி திறக்காமல் இன்னும் அழுந்தட்டும் என்கிறது. பட்டாம்பூச்சி நட்டு மாட்டும் கவையின் நுனி மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும், நட்டு அதிர்ந்து நழுவக்கூடாது. ஆப்பு வைத்துத் திருகும் கைப்பிடிகள் கூடவே கூடாது. பழைய கப்பல்களில் சர்வசாதாரணமாக இருந்தவை அவை.

கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கையில் பல்க் கேரியர்களுக்கென்றே பன்னிரண்டாம் அத்தியாயம் 1999 ஜூலை 1 அன்று வந்தது. அதில் எனக்கு முக்கியமாகப் படுவது 2004 ஜூலையில் சேர்ந்த பகுதி. ஒவ்வொரு ஹோல்டிலும் அரை மீட்டர் தண்ணீர் ஏறியதும் பிரிட்ஜில் மணி அடிக்க வேண்டும். முதல் ஹோல்டுக்கு முன்னால் உள்ள வெற்று அறைகளில் 10 சென்டிமீட்டரிலேயே அடிக்க வேண்டும். கணுக்கால் அளவுத் தண்ணீர். இப்படி ஒரு மணி டெர்பிஷயரில் இருந்திருந்தால், மூடி மடியும் முன்பே கேப்டனுக்குத் தெரிந்திருக்கும். புயலில் அவரால் என்ன செய்ய முடிந்திருக்கும் என்பது வேறு. குறைந்தது ஒரு அபாய அழைப்பாவது போயிருக்கும். அந்த அறைகளைத் திறந்து போகாமலே பம்ப் செய்து வடிக்கும் வசதியும் இப்போது கட்டாயம். 2004-க்குப் பிறகு ஒப்பந்தமான பல்க் கேரியர்கள் உயர்த்திய முகப்புத் தளத்தோடுதான் வருகின்றன.

எல்லா யோசனையும் விதியாகிவிடவில்லை. பல்க் கேரியர்களுக்கு இரட்டைப் பக்கச் சுவர் கட்டாயம் என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு முதலில் இசைந்து, 2004 மே மாதக் கூட்டத்தில் அதைக் கைவிட்டது. கட்டும் செலவு, உள்ளே துரு பார்க்க முடியாத இடுக்கு என்று இரண்டு பக்கமும் நியாயமான வாதங்கள். நான் இருந்திருந்தால் கைவிடும் பக்கம்தான் கை தூக்கியிருப்பேன், ஆனால் தயங்கித்தான்.

340

புதிய சூத்திரத்தில் நீளத்துக்கு நேராக ஒரு சின்ன நிபந்தனை இருக்கிறது. கப்பல் 340 மீட்டருக்கு மேல் நீளமானாலும் 340 என்றே வைத்துக்கொள்ளவும். 2011-இல் ஓடத் தொடங்கி, பிரேசில் தாதுவை ஏற்றிக்கொண்டு சீனா போய்வரும் வலேமாக்ஸ் கப்பல்களின் நீளம் சுமார் 360 மீட்டர்.

1966-இன் 100-ஐயும் இந்த 340-ஐயும் ஒரே தராசில் வைப்பது அநியாயம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடலில் அலை எழும் உயரத்துக்கு ஒரு வரம்பு உண்டு. கப்பல் நீண்டுகொண்டே போனாலும் அதை ஆட்டும் அலை அதற்கேற்ப நீளாது. கிளாஸ் விதிகளில் கப்பல் நீளத்துக்கேற்ப அலையின் பாரத்தைக் கணிக்கும் எண்ணான அலைக்கெழுவும் 300 மீட்டரில் உச்சம் தொட்டு, 350 வரை அங்கேயே நின்று, பிறகு இறங்குகிறது. ஆக 340-க்கு ஓரளவு இயற்பியல் ஆதாரம் இருக்கிறது.

இருந்தாலும் பயிற்சிக்கு வருகிறவர்களிடம் முதல் வாரமே இதைக் கேட்பேன்: இந்த 340 எங்கிருந்து வந்தது? விதிப் புத்தகத்தைப் புரட்டுவார்கள். சூத்திரம் இருக்கும், நிபந்தனை இருக்கும், காரணம் அந்தப் பக்கத்தில் இருக்காது. ஒரு நாள் கழித்து ஒருவர் அலைக்கெழு வரைபடத்தை எடுத்துக்கொண்டு வருவார். அவரைத்தான் அடுத்த கப்பலின் முன்தள வரைபடத்தில் உட்கார வைப்பேன்.